ஆள் வருது

ஜூன் 3, திங்கள்

தோல் டாக்டர் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். எதற்கெல்லாம் கோபம் வருகிறது, அரிப்பு எப்போது கூடுகிறது என்று குறித்து வந்தால் மருந்தைக் குறைக்கலாமாம். எதற்குக் கோபம் வராது என்று கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன்.

பெயர் சாந்தகுமாரி. கேட்டுவிட்டுச் சிரிக்காதவர்கள் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கிடையாது. வயது நாற்பத்தொன்று. இரண்டு முழங்கையிலும் சொரியாசிஸ். அதனால் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

வேலையைப் பற்றியும் எழுத வேண்டுமாம். உடம்புக்குள் சண்டை போடும் செல்கள் உண்டு. அவை கிளம்பும்போது "விடுப்பா, விடுப்பா" என்று கையைப் பிடித்து இழுக்கும் செல்களும் உண்டு. பாடப்புத்தகத்தில் ஒழுங்காற்றுச் செல்கள் என்று மரியாதையாக எழுதியிருப்பார்கள். நான் விடுப்பா செல் என்றுதான் சொல்வேன். இவை சரியாக வேலை செய்யாவிட்டால் உடம்பு தன்னையே அடித்துக்கொள்ளும். என் முழங்கையில் அதுதான் நடக்கிறது. ஆனால் புற்றுக்கட்டியைச் சுற்றிக் கூட்டமாக நின்று, அடிக்க வருகிற செல்லை எல்லாம் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவதும் இதே விடுப்பாக்கள்தான்.

அவற்றின் மேற்பரப்பில் ஒரு புரதம் துருத்திக்கொண்டு நிற்கும். ஆய்வகத்தில் அதற்கு இருபத்தைந்து என்று பெயர். அதைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருளை எலிக்கு ஊசி போட்டால் விடுப்பாக்கள் ஒழியும், கட்டி சுருங்கும். இதுதான் என் ஆய்வின் முடிவு. ஜூலை பத்தாம் தேதி மதிப்பீட்டுக் கூட்டம். ஏற்றுக்கொண்டால் எனக்கென்று ஓர் ஆய்வகம். இல்லாவிட்டால் செப்டம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த நேரத்தில் இயக்குநர் நீலமேகம் என்னைக் கேட்காமலே உதவிக்கென்று ஒருத்தியை என் தலையில் கட்டியிருக்கிறார். செல்வக்கனி. வள்ளியூர்ப் பக்கம். வந்ததும் வராததுமாக "வணக்கம்க்கா" என்றாள். மேடம் என்று கூப்பிடச் சொன்னேன். "சரிக்கா" என்றாள்.

ஜூன் 5

ஆபீஸ் வேன் கிண்டியில் கிளம்பும். அவள் பல்லாவரத்தில் ஏறுகிறாள், நான் தாம்பரத்தில். இன்று ஏறும்போது பார்க்கிறேன், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இருக்கையில் நீலக் கைக்குட்டையை விரித்துப் போட்டிருக்கிறாள். டவுன் பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. எனக்கு முன்னால் ஏறிய கணக்குப் பிரிவு லதாங்கி, "காலியாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, ஆள் வருது" என்றாள்.

என்னைப் பார்த்ததும் கைக்குட்டையை வெடுக்கென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என் கை பட்டு அழுக்காகிவிடுமாம். நான் நிற்காமல் முன்னால் போய் டிரைவர் தேவராஜ் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். என் இடம் அதுதான். போன வருடம் என் கை சட்டையிலிருந்து கொஞ்சம் வெளியே தெரிந்த ஒரு நாள், இதே லதாங்கி பின் சீட்டுக்கு எழுந்து போனாள். அதற்குப் பிறகு யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. எனக்கு முன் சீட்டில் காற்று நன்றாக வருகிறது.

ஜூன் 7

அரிப்பு அதிகம். காரணம்: செல்வக்கனி பிப்பெட் பெட்டியை அடுக்கி வைத்தாள். என் ஒழுங்கு போயிற்று.

ஜூன் 11

இரண்டாம் தொகுதி எலிகளில் கட்டி சுருங்கவில்லை. முதல் தொகுதியில் பாதிக்கு மேல் சுருங்கியதே! தீனி மாறியிருக்கும். எலிக்கூடத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர்கள் பதில் பேசவில்லை. அதற்கும் கத்தினேன்.

இவள் பின்னாலேயே வந்து, "விடுங்கக்கா, அவுக என்ன செய்வாவ, நம்ம ரத்தத்தப் பாப்போம்" என்றாள்.

சரிதான். மனித உருவில் ஒரு விடுப்பா.

ரத்தம் பார்த்தோம். இருபத்தைந்து புரதத்தில் ஒட்டி ஒளிரும் ஆன்டிபாடியைக் கலந்து, செல்களை எண்ணும் ஃப்ளோ மெஷினில் விட்டால், விடுப்பா செல் ஒவ்வொன்றும் ஒரு பச்சைப் புள்ளியாகத் திரையில் விழும். ஒரு புள்ளிகூட விழவில்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "பார், அத்தனையும் ஒழிந்தது" என்றேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் ஒழிஞ்சா கட்டி ஏங்க்கா சுருங்கல?" என்றாள்.

கேள்வி கேட்க எல்லோருக்கும் வரும்.

ஜூன் 12

வேனில் மறுபடியும் கைக்குட்டை. மறுபடியும் என்னைப் பார்த்ததும் எடுத்தாள். அந்த "ஆள்" இன்றுவரை வந்து நான் பார்க்கவில்லை. வெறும் திமிர். தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் தாண்டும்வரை அந்தச் சீட் காலியாகவே போகிறது. லதாங்கி பின்னால் மூன்று பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு வருகிறாள். அதில் மட்டும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஜூன் 14

கூட்டத்துக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்தும் வருகிறார்களாம். முடிவு பிடித்திருந்தால் நோயாளிகளுக்கு இதே மாதிரி மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் திட்டம். நீலமேகம் சார் தரையில் கால் படாமல் நடக்கிறார். "சாந்தா, அன்னிக்கு மட்டும் கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க" என்றார். சிரிக்கிற முகம் வேண்டுமென்றால் விளம்பரத்துக்கு ஆள் எடுப்பவர்களிடம் கேட்கச் சொன்னேன்.

ஜூன் 20

எழுத்து கோணலாக வந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் ஆய்வகத்தில் நாங்கள் இருவர் மட்டும். செல்வக்கனி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது."

"விஷயத்தைச் சொல்லு."

"நாம எலிக்கு ஊசி போடுத ஆன்டிபாடியும், ரத்தம் பாக்கதுக்குக் கலக்குத ஆன்டிபாடியும் ஒரே வகதான? ஒண்ணுல சாயம் இருக்கு, ஒண்ணுல இல்ல. ரெண்டும் அந்தப் புரதத்துல ஒரே எடத்துலதான் போயி ஒட்டும்."

"அதனால?"

"ஊசி போட்டது ஏற்கெனவே அங்க ஒக்காந்திருக்கு. சாயம் போட்டதுக்கு எடம் இல்ல. அதான் பச்ச தெரியல. செல்லு சாகலக்கா, அங்கனயேதான் இருக்கு. நம்ம வேன்ல கர்ச்சீப்பு போட்டிருந்தா வேற ஆளு ஒக்கார முடியாதுல்லா? ஒக்கார முடியலங்கதுக்காவ சீட்டே இல்லன்னு சொல்லலாமா?"

என் முகத்துக்கு நேரே கைக்குட்டையைப் பற்றிப் பேசுகிறாள்!  அவள் மெதுவாகச் சொன்னாள், அதே புரதத்தின் வேறொரு ஓரத்தில் ஒட்டும் இன்னொரு வகை ஆன்டிபாடியைத் தெரிந்த ஆய்வகத்தில் கொஞ்சம் வாங்கி வந்து, என் எலிகளின் மிச்ச ரத்தத்தில் போட்டுப் பார்த்தாளாம். புள்ளிகள் வந்தனவாம்.

"யாரைக் கேட்டு என் எலியின் ரத்தத்தைத் தொட்டாய்?"

"கேட்டா தொட விட மாட்டிய. அதுக்காவத்தான்... நான் யார்ட்டயும் சொல்லலக்கா. நீங்களே ஒருக்கா போட்டுப் பாருங்க."

யார்ட்டயும் சொல்லலையாம்! இந்நேரம் நீலமேகத்தின் மேசையில் அச்சுப் பிரதியே இருக்கும். கூட்டத்துக்கு இருபதே நாள் இருக்கும்போது வருகிறது இந்தச் சந்தேகம். என் ஆய்வகத்துக்குத் துண்டு போடுகிறாள். வேறென்ன? "வெளியே போ" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை, காரிடாரில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அரிப்பு: கழுத்து வரைக்கும்.

ஜூன் 21

அவள் முந்துவதற்குள் நான் முந்தினேன். நீலமேகத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அனுமதி இல்லாமல் வெளிப்பொருளைக் கொண்டுவந்தாள், என் மாதிரிகளைத் தொட்டாள், இரண்டாம் தொகுதி கெட்டதற்கு இவள் கைதான் காரணமோ என்று சந்தேகிக்கிறேன். கடைசி வரி கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும்.

ஜூன் 24

காலை வேனில் கைக்குட்டை கிடந்தது. எடுத்தாள். முன் சீட்டுக்குப் போனேன். தேவராஜ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

ஜூன் 28, வெள்ளி

செல்வக்கனியின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இன்றோடு சரி. மாலையில் என் மேசை அருகே வந்து, "ஃப்ரிட்ஜில ரெண்டாவது தட்டுல அந்த மருந்து இருக்குக்கா. போறேன்" என்றாள். நான் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. திரையில் ஒன்றும் இல்லை, அணைந்துதான் இருந்தது.

ஜூலை 1, திங்கள்

வேனில் அந்தச் சீட் காலியாக இருந்தது. லதாங்கி உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் வேறு அவளுக்கு. எனக்கு எரிச்சலாக வந்தது, ஏன் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 3

கூட்டத்துக்கான படங்கள் தயார். இப்போது ஒரே ஒரு வேலை பாக்கி. அவள் சொன்னது பொய் என்று காட்டிவிட வேண்டும். பத்தாம் தேதி எவனாவது கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டால் முகத்தில் அடித்தாற்போல் பதில் வேண்டும். அவள் விட்டுப்போன ஆன்டிபாடி குளிர்பெட்டியில் இருக்கிறது. நாளை போடுகிறேன்.

ஜூலை 4

கத்திரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

ஜூலை 5

அவளுடையதைப் போட்டேன். மெஷின் கோளாறு. சர்வீஸ்காரனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "மெஷின் பக்காவா இருக்கு மேடம்" என்றான். இவனெல்லாம் எங்கே படித்தானோ.

ஜூலை 6

மெஷின் பக்காவாகத்தான் இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

விடுமுறை என்று பார்க்காமல் போனேன். புது ரத்தம். ஊசி போட்ட எலிகள், போடாத எலிகள். பழைய ஆன்டிபாடி ஒரு பக்கம், அவளுடையது ஒரு பக்கம்.

ஊசி போட்ட எலிகளில், பழையதைப் போட்டால் திரை சுத்தம். அவளுடையதில் பச்சைப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஊசி போடாத எலியில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். விடுப்பாக்கள் எங்கும் போகவில்லை. அத்தனை மாதமும் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கின்றன. அவற்றின் புரதத்தின் மேல் நான் போட்ட துண்டு கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். என் துண்டைப் பார்த்து நானே ஏமாந்திருக்கிறேன்.

முதல் தொகுதியில் சுருங்கியது? பத்து எலிகளில் சிலவற்றுக்குக் கட்டி தானாகவே சுருங்கும். எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும்.

அவளைத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது. திட்டுவதற்கு ஆள் இல்லை.

ஜூலை 9

நீலமேகத்தின் அறைக்குப் போனேன். எப்படியும் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் போயிருப்பாள், அவராக ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் நாளைய சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். கேட்டரிங்காரன் வடை வைக்கிறானா போண்டா வைக்கிறானா என்று.

நானே கேட்டேன். "அந்தப் பெண் போகும்போது உங்களிடம் ஏதாவது சொன்னாளா?"

"யாரு, செல்வக்கனியா? உங்க புகாரப் படிச்சுக் காட்டினேன். 'கேக்காம எடுத்தது தப்புதான் சார்'னுச்சு. 'எதுக்கு எடுத்தே?'ன்னு கேட்டேன். 'அத மேடம்தான் சொல்லணும் சார்'னு சொல்லிட்டு வாய மூடிக்கிச்சு. ஏன் சாந்தா, ஏதாவது பிரச்சனையா?"

"ஒன்றுமில்லை."

"அப்ப நாளைக்கு அசத்திடுங்க."

ஆக, இந்த உலகத்தில் இதைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஊருக்கே திரும்பி வள்ளியூரில் இருக்கிறாள், அவள் வாயைத் திறக்கப் போவதில்லை. இன்னொருத்தி நான். என்னைக் குத்துவாள் என்று கத்தியைத் தீட்டி வைத்திருந்தேன். அவள் குத்தவே இல்லை. இப்படி ஒரு எதிரியை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வது?

நாளைக்கு நான் பேசாமல் இருந்தால் ஆய்வகம் எனக்கு.

ஜூலை 10

எழுத முடியுமா தெரியவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

படங்களைக் காட்டினேன். முதல் தொகுதி, கெட்டுப்போனதென்று தாண்டிவிட்ட இரண்டாம் தொகுதி, துடைத்துவிட்ட திரை. கைதட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெரியவர், நல்ல மனிதர், வழுக்கை, பெயர் பொன்னம்பலம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரொம்பத் தெளிவா இருக்கும்மா. எங்ககிட்ட வேற வழி இல்லாதவங்க சிலர் இருக்காங்க. அடுத்த மாசமே ஆரம்பிக்கலாம். வேற சிகிச்சைய நிறுத்திட்டு இதுக்கு வரத் தயாரா இருக்காங்க."

வேற சிகிச்சையை நிறுத்திவிட்டு.

"நிறுத்தச் சொல்லாதீர்கள்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"என்னம்மா?"

"அந்தத் திரை சுத்தமாக இருப்பதால் செல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பஸ் சீட்டில் துண்டு போட்டிருந்தால் இன்னொருவர் உட்கார முடியாது. அதற்காகச் சீட்டே இல்லை என்று சொல்ல முடியுமா? நான் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் போட்டேன். பச்சைப் புள்ளிகள் சுவர் முழுக்கத் தெரிந்தன. யாரும் கைதட்டவில்லை. நீலமேகம் சாரின் முகம் சுண்டிவிட்டது. "இத யாரு கண்டுபிடிச்சது?" என்று பொன்னம்பலம் கேட்டார்.

"செல்வக்கனி. நான் எழுதிக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பிய பெண்."

போண்டாதான் வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை.

ஜூலை 11

நீலமேகத்திடம் போய், அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். வெடித்தார். "உங்களுக்கு என்ன, வெளயாட்டா? அனுப்புன்னீங்க, அனுப்பினேன். கூப்பிடுன்னா கூப்பிடணுமா? செப்டம்பருக்கு அப்புறம் நீங்களே இங்க இருக்கப்போறதில்ல!"

"தெரியும். அதற்குள் கூப்பிடுங்கள்."

என் புகாரில் இருந்தது அத்தனையும் அபாண்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். பேனாவையும் அங்கேயே எறிந்துவிட்டு வந்தேன். அவருடைய பேனாதான்.

சாயங்காலம் கூப்பிட்டனுப்பி, "திங்கக்கிழம வரச் சொல்லி மெயில் போட்டாச்சு. பதில் இல்ல" என்றார்.

நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. "திங்கட்கிழமை வா. வேலை கிடக்கிறது" என்று வாட்ஸாப்பில் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று தொடங்கி, தட்டத் தட்ட வேறு மாதிரி வந்துவிட்டது. நீல டிக் இரண்டும் விழுந்தன, படித்துவிட்டாள். அதோடு சரி.

ஜூலை 12

மாலை நேரமாகிவிட்டது. கடைசி நடை வேனில் நானும் டிரைவர் தேவராஜும் மட்டும். தாம்பரம் பாலத்தில் நெரிசல்.

"அந்த கர்ச்சீப் பொண்ணு போயிருச்சாமேம்மா" என்றார்.

"ம்."

"நல்ல பொண்ணு. தெனமும் ஒங்களுக்குன்னு சீட்டப் போட்டு வெச்சிக்கும். யாரு கேட்டாலும் 'ஆள் வருது'ன்னும். நீங்க ஏறுனதும் எடுத்து மடியில வெச்சிக்கினு ஒங்களயே பாக்கும். நீங்க என்னடான்னா விடுவிடுன்னு முன்னாடி வந்துருவீங்க."

"எனக்கென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானே கேட்டேனேம்மா. 'யாரும்மா அந்த ஆளு, நம்ம வண்டிலயே காணோம்'னு. 'அக்கா முன்னாடி வெயில்ல ஒக்காந்து வாராவ, கையெல்லாம் எரியுமில்லா'ன்னுச்சு. அத ஒங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன், ரோட்டப் பாத்து ஓட்டுன்னீங்க."

அவளுக்குக் கையைப் பற்றித் தெரிந்திருக்கிறது. முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கிறது.

டாக்டருக்கு: இன்று அரிப்பு இல்லை. அழுதேன். அதனால் இருக்குமா என்று தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, எதிர்த்திசையில் கிண்டிக்குப் போனேன். தேவராஜ் என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இங்க வந்து ஏறுறீங்க?" என்றார்.

"ஏன், ஏறக்கூடாதா?"

அவள் உட்காரும் வரிசையில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். என் கைக்குட்டையை எடுத்து ஜன்னலோரச் சீட்டில் விரித்தேன். வெள்ளை, ஓரத்தில் மருந்துக் கறை. வேறு இல்லை.

பல்லாவரத்தில் தேவராஜ் வண்டியை நிறுத்தாமலே போகப் பார்த்தார். "அங்க யாரும் இல்லம்மா, அந்தப் பொண்ணுதான் போயிருச்சே" என்றார்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். ஹாரன் அடிக்கச் சொன்னேன், அடித்தார். இளநீர்க் கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். வேறு யாரும் இல்லை. பின்னாலிருந்து பஸ்காரன் கத்தினான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனைவிடச் சத்தமாகக் கத்தினேன். பிறகு கிளம்பினோம்.

தாம்பரத்தில் கும்பலாக ஏறினார்கள். கடைசியாக லதாங்கி. எல்லாச் சீட்டும் நிரம்பிவிட்டது. நேராக என்னிடம் வந்தாள். வெயிலென்று இன்று சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தேன். அவள் பார்த்தாள். நான் இறக்கிவிடவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க சாந்தா. உள்ள காலியாத்தானே இருக்கு?"

"இல்லை."

"யாரு இருக்கா? இதுக்கு மேல ஏறுறதுக்கு ஸ்டாப்பே கெடையாது."

கைக்குட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"ஆள் வருது" என்றேன்.